மேம்படுத்தலுக்குப் பின் துடிக்கும் மடிக்கணினித் திரை: எந்த வழியை முதலில் தேர்வது?

இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றிய கையோடு மடிக்கணினியின் திரை விட்டுவிட்டு மின்னவும் துடிக்கவும் தொடங்கினால், பழியைப் புதிய பதிப்பின் மீது போடுவது இயல்பு. பெரும்பாலும் அது தவறாகவும் இருப்பதில்லை. ஆனால் ஒரு பெரிய மேம்படுத்தலுக்குள் பல மாற்றங்கள் அடங்கியிருக்கின்றன. இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் மாறுகிறது, கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருளான கிராபிக்ஸ் டிரைவர் மாறுகிறது, சாளரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் திரைக்கு வரைந்து தரும் மென்பொருள் மாறுகிறது, மின்சேமிப்பு அமைப்புகள் தாமாகவே வேறு நிலைக்குப் போகின்றன, சில கணினிகளில், இயங்குதளம் ஏறுவதற்கு முன் கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பயாஸும் அதே வேளையில் புதுப்பிக்கப்பட்டுவிடுகிறது. இவற்றில் எது காரணம் என்று தெரியாத நிலையில், மின்சேமிப்பு அமைப்பு ஒன்றை அணைத்துப் பார்ப்பதா, டிரைவரை மாற்றுவதா, முழு இயங்குதளத்தையும் பழைய பதிப்புக்குக் கொண்டுபோவதா, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவுவதா, கணினியைப் பழுதுபார்க்கக் கொடுப்பதா என்று பயனர் தடுமாறுகிறார்.

இவ்வழிகளை எடைபோட நான் பயன்படுத்தும் அளவுகோல் ஒன்றுதான்: முயன்று பார்த்துப் பலிக்காவிட்டால், முன்பிருந்த நிலைக்குத் திரும்புவது எவ்வளவு எளிது? மறுதொடக்கம் ஒன்றிலேயே பழைய நிலைக்கு வந்துவிடும் சோதனையை முதலிலும், திரும்பவே முடியாத நடவடிக்கையைக் கடைசியிலும் வைத்தால், வழியில் செய்யும் ஒவ்வொரு முயற்சியும் தோற்றாலும்கூட காரணத்தைப் பற்றி ஏதேனும் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகும். எடுத்த எடுப்பிலேயே இயங்குதளத்தை அழித்து நிறுவியவருக்கு, திரை சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. சரியாகாவிட்டாலோ இழப்பு மட்டுமே மிஞ்சும்.

மென்பொருளா, வன்பொருளா

வழியைத் தேர்வதற்கு முன் செய்ய வேண்டிய பிரிப்பு இது. கணினியை அணைத்து, மீண்டும் இயக்கும்போது உரிய விசையை அழுத்தி பயாஸ் அமைப்புத் திரைக்குள் சென்று, சில நிமிடங்கள் அப்படியே விட்டுவிட வேண்டும். இயங்குதளமே இன்னும் ஏறாத அந்த இடத்திலும் திரை துடித்தால், மேம்படுத்தலுக்கும் துடிப்புக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. திரைப் பலகையோ அதற்குச் செல்லும் கேபிளோதான் முதற்காரணம் என்று கொள்ளலாம். அங்கே படம் அசையாமல் நின்றால் சந்தேகம் மென்பொருள் பக்கம் திரும்புகிறது. எனினும், பயாஸ் திரை மின்சேமிப்பு உத்திகளையோ உயர்ந்த புதுப்பிப்பு வீதத்தையோ (திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்ற அளவு) பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை என்பதால், அதை மட்டுமே வைத்து வன்பொருளுக்கு நற்சான்று கொடுத்துவிடக் கூடாது.

வெளித்திரை ஒன்றை இணைத்துப் பார்க்கும் சோதனையைப் பலர் பரிந்துரைக்கின்றனர். வெளித்திரை நன்றாக இருந்து மடிக்கணினியின் சொந்தத் திரை மட்டும் துடித்தால், திரைதான் கெட்டுவிட்டது என்று அவர்கள் முடிவு கட்டுகிறார்கள். இந்த முடிவோடு நான் உடன்படவில்லை. மடிக்கணினியின் உள்திரைக்கும் கிராபிக்ஸ் சிப்புக்கும் இடையே உள்ள இணைப்பு தனி வகையைச் சேர்ந்தது. அதில் மட்டுமே இயங்கும் மின்சேமிப்பு உத்திகள் உண்டு. அவற்றில் பிழை இருந்தால் வெளித்திரையில் அது எட்டிக்கூடப் பார்க்காது. எனவே வெளித்திரைச் சோதனையால் கிராபிக்ஸ் சிப் நலமாக இருக்கிறது என்று அறியலாமே தவிர, உள்திரை கெட்டுவிட்டது என்று அறிய முடியாது. திரையை மாற்றிய பிறகும் துடிப்பு தொடர்வதற்கு இந்த அவசர முடிவு ஒரு முக்கியக் காரணம்.

இதைவிட நம்பகமான சோதனை, லினக்ஸ் வகை ஒன்றைப் பென்டிரைவில் ஏற்றி, வட்டில் எதையும் நிறுவாமல் அதிலிருந்தே கணினியை இயக்கிப் பார்ப்பது. முற்றிலும் வேறு டிரைவரோடு திரை நெடுநேரம் நிலையாக நின்றால், நிறுவப்பட்டிருக்கும் இயங்குதளத்தின் மென்பொருள்தான் காரணம் என்பது ஏறத்தாழ உறுதி. வட்டில் உள்ளவற்றைச் சாவியின்றிப் படிக்க முடியாதபடி பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் குறியாக்கம் இருந்தால், பயாஸ் அமைப்புகளில் கை வைக்கும் முன் அதன் மீட்புச் சாவியை வேறிடத்தில் எழுதி வைத்துக்கொள்வது கட்டாயம். இல்லையென்றால் துடிக்கும் திரையோடு தொடங்கிய சிக்கல் திறக்க முடியாத வட்டில் போய் முடியும்.

விண்டோஸ் பயனர்களுக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனமே சொல்லும் எளிய சோதனை ஒன்று உண்டு. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, துடிப்பு வரும் நேரத்தில் அதைக் கவனிக்க வேண்டும். திரையில் உள்ள மற்றவற்றோடு டாஸ்க் மேனேஜரும் சேர்ந்து துடித்தால் காரணம் டிரைவர். சுற்றிலும் துடித்து அது மட்டும் அசையாமல் நின்றால், புதிய பதிப்போடு ஒத்துப்போகாத செயலி ஏதோ ஒன்று. இரண்டாவது வகை என்றால் டிரைவரைத் தொடவே வேண்டியதில்லை. அந்தச் செயலியைப் புதுப்பிப்பதோ நீக்குவதோ போதும்.

மின்சேமிப்பை அணைத்துப் பார்ப்பது

பலரும் தவறவிடும் வழி இது; என் தேர்வில் முதலிடம் இதற்கே. காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

நொடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில், நீங்கள் ஒரே பக்கத்தை அசையாமல் படித்துக்கொண்டிருந்தாலும், கிராபிக்ஸ் சிப் அதே படத்தை நொடிக்கு 60 முறை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இந்த வீண் உழைப்பைத் தவிர்க்க வந்ததுதான் பேனல் செல்ஃப் ரிஃப்ரெஷ் (பிஎஸ்ஆர்) என்னும் உத்தி. இதில் திரைப் பலகைக்குள்ளேயே சிறு நினைவகம் இருக்கும். படம் மாறாதபோது சிப் அனுப்புவதை நிறுத்திக்கொள்ள, பலகை தன் நினைவகத்தில் உள்ள படத்தையே திரும்பத் திரும்பக் காட்டும். சுட்டி ஓர் அங்குலம் நகர்ந்தாலும் சிப் விழித்தெழுந்து மீண்டும் படம் அனுப்ப வேண்டும். பலகை தானாகக் காட்டிக்கொண்டிருந்த தாளமும் சிப் அனுப்பத் தொடங்கும் தாளமும் அந்தக் கணத்தில் இம்மியும் பிசகாமல் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் திரை ஒரு முறை வெட்டி மின்னும், அல்லது கீழ்ப்பகுதி குலுங்கி நிற்கும். முந்தைய டிரைவரில் அணைந்திருந்த இந்த உத்தி புதிய டிரைவரில் இயல்பாகவே இயங்கத் தொடங்கியிருந்தால், மேம்படுத்தலுக்கு முன் இல்லாத துடிப்பு பின்னர் தோன்றுவதில் வியப்பில்லை.

இந்த வகைத் துடிப்புக்கு ஓர் அடையாளம் உண்டு. எதையும் தொடாமல் சில நொடிகள் இருந்துவிட்டு, பிறகு சுட்டியை அசைக்கும்போதோ ஓர் எழுத்தைத் தட்டும்போதோ அது வரும். முழுத்திரையில் காணொளி ஓடும்போது பெரும்பாலும் வராது, ஏனெனில் படம் இடைவிடாது மாறிக்கொண்டிருப்பதால் பலகை தன் நினைவகத்துக்குப் போவதற்கே வாய்ப்பில்லை. காணொளி ஓடும்வரை அமைதியாக இருந்து, நிறுத்தியதும் துடிக்கத் தொடங்கும் திரையைக் கண்டால், வேறெதையும் செய்யும் முன் இந்த உத்தியை அணைத்துப் பாருங்கள். இன்டெல் கிராபிக்ஸ் உள்ள விண்டோஸ் கணினிகளில் இன்டெலின் கிராபிக்ஸ் அமைப்புச் செயலியில், மின்சாரம் தொடர்பான பகுதியில் இதற்கான பொத்தான் இருக்கும். லினக்ஸில், கணினி தொடங்கும்போது தோன்றும் கிரப் பட்டியலில் ஈ விசையை அழுத்தி, இன்டெல் கிராபிக்ஸை இயக்கும் ஐ915 டிரைவருக்கான பிஎஸ்ஆர் அளவுருவுக்குச் சுழி மதிப்பைக் கொடுத்து இயக்கலாம். அங்கே செய்யும் திருத்தம் அந்த ஒரு முறைக்கு மட்டுமே செல்லும்; பலிக்காவிட்டால் மறுதொடக்கம் செய்தாலே போதும், சோதனையின் சுவடே இருக்காது. பலித்தால் பின்னர் நிலையாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஏஎம்டி கிராபிக்ஸுக்கும் இதே வேலையைச் செய்யும் வேறு அளவுரு உண்டு.

இதற்குக் கொடுக்கும் விலை, திரை அசையாமல் இருக்கும் நேரங்களில் சற்றுக் கூடுதலாகச் செலவாகும் மின்சாரம். பெரும்பாலும் மின்னிணைப்பிலேயே வைத்து வேலை செய்பவருக்கு இது ஒரு பொருட்டே அன்று. நாள் முழுவதும் பேட்டரியை நம்பியிருப்பவர் மட்டும் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

துடிப்பு என்று சொல்லப்படுவனவற்றில் சில உண்மையில் ஒளியளவு ஏறி இறங்குவதே. கறுப்புச் சாளரத்திலிருந்து வெள்ளைப் பக்கத்துக்கு மாறும்போது திரை மங்கிப் பின் தெளிந்தால், உள்ளடக்கத்தைப் பார்த்து ஒளியைக் கூட்டிக் குறைக்கும் அமைப்புதான் காரணம். விண்டோஸ் 11 இல் திரை அமைப்புகளில் ஒளியளவுக்கு அடியிலேயே இதை அணைக்கலாம். புதுப்பிப்பு வீதமும் மேம்படுத்தலின்போது சத்தமில்லாமல் மாறியிருக்கலாம். 120 அல்லது 144 என்றோ, தேவைக்கேற்பத் தானாக மாறும் வகையிலோ இருந்தால் 60 இல் நிலைநிறுத்திப் பார்ப்பது அரை நிமிட வேலை. ஒளியைக் குறைத்து வைத்தால் மட்டும் வந்து, கூட்டினால் மறையும் துடிப்பு முற்றிலும் வேறு: பல திரைகள் ஒளியைக் குறைப்பதற்குப் பின்னொளியை நொடிக்குப் பலநூறு முறை அணைத்து ஏற்றுகின்றன; மேம்படுத்தலுக்குப் பின் ஒளியளவு குறைந்த நிலைக்குப் போனதால் மட்டுமே அது கண்ணில் பட்டிருக்கக்கூடும். அங்கே டிரைவரும் கெடவில்லை, பாகமும் கெடவில்லை.

டிரைவர்: பழையதா, தயாரிப்பாளருடையதா, சிப் நிறுவனத்துடையதா

மின்சேமிப்பில் விடை கிடைக்காதபோது அடுத்த தேர்வு டிரைவர். டிவைஸ் மேனேஜரில் திரைக்கருவியின் பண்புகளைத் திறந்து, டிரைவர் பகுதியில் முந்தைய டிரைவருக்குத் திரும்பும் பொத்தானை அழுத்துவது மிக எளிய வழி. ஆனால் அந்தப் பொத்தான் அழுத்த முடியாதபடி மங்கிக் கிடப்பதைப் பலர் காண்பார்கள். திரும்புவதற்குப் பழைய டிரைவர் எதுவும் அந்தக் கருவிக்குச் சேமிக்கப்படவில்லை என்பதே அதன் பொருள். அப்போதும் கதவு மூடிவிடவில்லை. டிரைவரைப் புதுப்பிக்கும் பகுதிக்குச் சென்று, கணினியில் ஏற்கெனவே உள்ள டிரைவர்களின் பட்டியலிலிருந்து தேர்வதாகச் சொன்னால், பழைய பதிப்போ விண்டோஸின் அடிப்படைத் திரை டிரைவரோ அங்கே கிடைக்கும். இந்த அடிப்படை டிரைவர் அன்றாட வேலைக்கு ஏற்றதன்று. சோதனைக்கு மிக ஏற்றது. அதைப் போட்டதும் துடிப்பு நின்றால் குற்றவாளி டிரைவர் என்பது தெளிவு.

புதிய டிரைவரை நிறுவுவதாக இருந்தால், மடிக்கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து எடுப்பதா, சிப் நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுப்பதா என்ற கேள்வி எழும். சிப் நிறுவனத்தின் டிரைவர் புதிது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவானது. தயாரிப்பாளரின் டிரைவர் பெரும்பாலும் சில மாதங்கள் பழையது. ஆனால் அந்த மாதிரியின் திரைப் பலகைக்கும் மின் அமைப்புக்கும் ஏற்பச் சரிசெய்யப்பட்டது. தன் பொது டிரைவரை நிறுவினால் தயாரிப்பாளரின் சிறப்புச் சேர்க்கைகள் அழிக்கப்படலாம் என்று இன்டெலே எச்சரிக்கிறது. மடிக்கணினியைப் பொறுத்தவரை தயாரிப்பாளரின் டிரைவரையே முதலில் நாட வேண்டும் என்பது என் கருத்து. தயாரிப்பாளர் புதுப்பிப்பதையே நிறுத்திவிட்ட பழைய மாதிரிகளுக்கு மட்டும் சிப் நிறுவனத்தின் டிரைவரே நல்லது.

இரண்டு கிராபிக்ஸ் சிப்புகள் உள்ள கணினிகளில் ஒரு செய்தியை மறக்கக் கூடாது. பெரும்பாலான மாதிரிகளில் உள்திரை, கணினியின் மையச் செயலகத்தோடு (சிபியு) இணைந்த இன்டெல் அல்லது ஏஎம்டி கிராபிக்ஸோடுதான் பிணைக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவதாக உள்ள என்விடியா சிப் வரைந்து கொடுத்தாலும் படம் அந்த இணைந்த கிராபிக்ஸின் வழியாகவே திரைக்குப் போகிறது. இணைப்பை மாற்றிக்கொள்ளும் வசதி உள்ள மாதிரிகள் விதிவிலக்கு. ஆகவே என்விடியா டிரைவரையே திரும்பத் திரும்ப மாற்றி அலுத்துப்போனவர்கள், ஒதுக்கி வைத்த மற்ற டிரைவரை ஒரு முறை பார்ப்பது நல்லது.

லினக்ஸில் இந்தத் தேர்வு இன்னும் எளிது. லினக்ஸ் வகைகளுள் உபுண்டு பழைய கெர்னலை உடனே நீக்கிவிடுவதில்லை. ஃபெடோரா இயல்பாக 3 கெர்னல்களை வைத்திருக்கிறது. தொடக்கப் பட்டியலில் முந்தைய கெர்னலைத் தேர்ந்து இயக்கினால், சில நிமிடங்களில் கெர்னல் காரணமா இல்லையா என்று தெரிந்துவிடும். அதிலும் துடித்தால் பார்வையை, சாளரங்களைத் திரைக்குக் கொண்டுவரும் புதிய முறையான வேலேண்ட் அமர்வின் பக்கம் திருப்ப வேண்டும். முன்பெல்லாம் உள்நுழையும்போது பழைய முறையான எக்ஸ்11 அமர்வுக்கு மாறி ஒப்பிட்டுப் பார்க்கலாம், உபுண்டு 25.10 இல் அதன் பணிமேடை மென்பொருளான குனோம் அந்த அமர்வைக் கைவிட்டுவிட்டதால், அங்கே அந்த வழி அடைபட்டுவிட்டது.

முழு இயங்குதளத்தையும் பின்னுக்குக் கொண்டுபோவது

இங்கே நேரக் கெடு ஒன்று குறுக்கே நிற்கிறது. விண்டோஸில் புதிய பதிப்புக்கு மாறிய பின் பழைய பதிப்புக்குத் திரும்ப இயல்பாக 10 நாட்கள்தான் அவகாசம். இடையில் வட்டைச் சுத்தம் செய்யும்போது பழைய நிறுவலின் கோப்புறையை நீக்கிவிட்டால் அந்த அவகாசமும் போய்விடும். ஆனால் 10 நாட்கள் முடிவதற்குள், நிர்வாகி உரிமையோடு திறந்த கட்டளைச் சாளரத்தில் விண்டோஸோடு வரும் டிஸ்ம் என்னும் கருவியைக் கொண்டு இந்தக் காலத்தை 60 நாட்கள் வரை நீட்டிக்கலாம். துடிப்பைக் கண்ட முதல் நாளே இதைச் செய்துவிடுவதே அறிவுடைமை. வட்டில் இடம் சற்று அடைபடுவதைத் தவிர இதனால் நட்டம் எதுவும் இல்லை. மாறாக, மேலே சொன்ன சோதனைகளை அவசரமின்றி ஒவ்வொன்றாகச் செய்யும் நிதானம் கிடைக்கிறது.

திரும்பிப் போனால் சொந்தக் கோப்புகள் தங்கும். மேம்படுத்திய பின் நிறுவிய செயலிகளும் மாற்றிய அமைப்புகளும் தங்கா. கோப்புகளுக்கும் முன்கூட்டியே நகல் எடுத்துக்கொள்வதுதான் முறை. எந்தப் பதிப்புக்குத் திரும்புகிறோம் என்பதும் முக்கியம். விண்டோஸ் 11 இன் ஒரு பதிப்பிலிருந்து அதற்கு முந்தைய பதிப்புக்குப் போவது, அதற்கான ஆதரவு நீடிக்கும்வரை தீங்கற்றது. விண்டோஸ் 10 க்குப் போவது அப்படியன்று: அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேராதவர், துடிக்காத திரைக்காகப் பாதுகாப்புத் திருத்தங்கள் வராத கணினியை ஏற்றுக்கொள்கிறார். வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் இந்தப் பேரத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

உபுண்டுவில் பழைய பதிப்புக்கு இறங்கும் வழி அதிகாரபூர்வமாக இல்லவே இல்லை. முன்பே எடுத்த நகல் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் புதிதாக நிறுவ வேண்டியதுதான். ஓப்பன்சூசே என்னும் மற்றொரு லினக்ஸ் வகை இயல்பான அமைப்பிலேயே மாற்றங்களுக்கு முந்தைய நிலைகளைச் சேமித்து, தொடக்கப் பட்டியலிலிருந்து திரும்ப அனுமதிக்கிறது. இந்த ஒரு வகையில் அது மற்றவற்றைவிட மேலானது.

எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவுவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காரணம் டிரைவர் என்றால், புதிய நிறுவலிலும் விண்டோஸ் அப்டேட் அதே டிரைவரையே கொண்டுவந்து போடும்.

பழுதுபார்ப்பும் பொறுத்திருப்பதும்

திரையின் மூடியைத் திறக்கும் கோணத்தை மெல்ல மாற்றும்போது துடிப்பு கூடினாலோ குறைந்தாலோ, காரணம் கீல் வழியாகச் செல்லும் கேபிள் என்று துணிந்து சொல்லலாம். எந்த டிரைவருக்கும் மூடியின் கோணம் தெரியாது. திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அந்தக் கேபிள் வளைகிறது. ஆண்டுக்கணக்கில் வளைந்த கேபிள் மேம்படுத்தல் நடந்த அதே வாரத்தில் தேய்ந்து முடிந்ததென்றால் அது தற்செயல்தான். 2016 அக்டோபர் முதல் 2018 பிப்ரவரி வரை விற்கப்பட்ட 13 அங்குல மேக்புக் ப்ரோக்களின் பின்னொளிக் கோளாறுக்காக ஆப்பிள் 2019 இல் தனிச் சேவைத் திட்டமே அறிவிக்க நேர்ந்தது. மெல்லிய கேபிள் வளைந்து தேய்வதே காரணம் என்று பழுதுபார்ப்போர் அதற்கு முன்பே காட்டியிருந்தனர். ஆகவே கடையில் கொடுக்கும்போது, முதலில் கேபிளைக் கழற்றிப் பூட்டியோ மாற்றியோ பார்க்கச் சொல்லுங்கள். திரைப் பலகையைவிட அது மிக மலிவு. உத்தரவாதம் இருக்கும் கணினியை வெளியில் திறக்கக் கொடுக்க வேண்டாம்.

ஒன்றும் செய்யாமல் பொறுத்திருப்பதும் ஒரு தேர்வே. பரவலாகக் காணப்படும் கோளாறுகளை மைக்ரோசாஃப்ட் தன் பதிப்பு நிலவரப் பக்கத்தில் பட்டியலிடுகிறது. உங்கள் சிப்பும் பதிப்பும் அங்கே இருந்தால், தற்காலிகமாக மின்சேமிப்பை அணைத்துவிட்டுத் திருத்தம் வரும்வரை காத்திருப்பது கௌரவமான முடிவு. ஆனால் வீட்டில் ஒளியால் வலிப்போ ஒற்றைத் தலைவலியோ தூண்டப்படுபவர் இருந்தால் பொறுமைக்கு இடமில்லை. ஒளி தூண்டும் வலிப்பு பெரும்பாலும் நொடிக்கு 5 முதல் 30 முறை மின்னும் ஒளியால் வருகிறது. துடிக்கும் திரை அந்த எல்லைக்குள் எளிதில் விழுந்துவிடும். அவர்கள் அன்றைக்கே வெளித்திரைக்கு மாறிவிட வேண்டும்.

டிரைவரைப் பின்னுக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்தவர், விண்டோஸ் அப்டேட் அதை மீண்டும் புதுப்பித்துவிடாதபடி தடுத்துக்கொள்ளவும் வேண்டும். ப்ரோ பதிப்பில் குழுக் கொள்கை அமைப்பின் மூலம் டிரைவர்களைப் புதுப்பிப்பிலிருந்து விலக்கலாம். ஹோம் பதிப்பில் சில வாரங்களுக்குப் புதுப்பிப்பை இடைநிறுத்தலாம். தயாரிப்பாளர் புதிய டிரைவரோ பயாஸோ வெளியிட்டதும், பிட்லாக்கரை இடைநிறுத்தி, மின்னிணைப்பில் வைத்து அதை நிறுவி, அணைத்து வைத்த மின்சேமிப்பைத் திரும்ப இயக்கி, அசையாத பக்கம் ஒன்றைத் திறந்துவைத்துச் சுட்டியை அவ்வப்போது நகர்த்திப் பாருங்கள். துடிக்கவில்லை என்றால், இடையில் இழந்த பேட்டரி நேரம் உங்களுக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. அளவுருவையும் தடையையும் நீக்கிவிடலாம்.